உள்பக்கம் பிடி இல்லாத ஜிப்

ஜான்ராஜ் வாத்தியாரைப் பற்றிக் கேட்டால் எங்கள் சபையில் எல்லாரும் 'கண்டிப்பான மனுஷன்' என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் சம்மதம் கிடையாது. தப்புச் செய்தவனைக் கண்டிக்கிறவன்தான் கண்டிப்பானவன். யாரும் இன்னும் செய்யாத தப்பைத் தானே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்து, அதற்கு முன்கூட்டியே பூட்டுப் போடுகிறவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. சபைக்காரர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அந்தப் பெயரை எழுதவில்லை.

அவர் அருப்புக்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வீடு பாளையம்பட்டியில். பள்ளிக்கூடத்தில் ஊதுகிற விசிலை வாசலோடு கழற்றிவைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. காலையில் பெஞ்சாதி பிள்ளைகளை எழுப்ப ஓர் ஊதல், குடும்ப ஜெபத்துக்கு ஓர் ஊதல், சாப்பிட ஓர் ஊதல். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் பதறியடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். அப்புறம் அதை வைத்தே உலை வைக்கப் பழகிவிடுவார்கள்.

நான் இன்பராஜ். பஜாரில் தையல் சாமான் கடை. நூல், பட்டன், கொக்கி, லேஸ், ஜிப் எல்லாம் கிடைக்கும். சபைக் கமிட்டியில் பொருளாளராகவும் இருந்தேன். வாத்தியார் அதே கமிட்டியில் செயலாளர். நான் அவரோடு சண்டை போட்டது கிடையாது. சண்டை போட்டு ஜெயித்தவர்களும் கிடையாது.

அவர் பெஞ்சாதி இன்பராணி. கூட்டத்தில் இருந்தால் இருப்பதே தெரியாது. மூத்தவள் ஈவா, அடுத்தவள் ஷெரின். ஈவா பிளஸ் டூவில் நல்ல மார்க். அவளுக்கு நர்ஸாக வேண்டும் என்று ஆசை. எண்பத்தொன்பதாம் வருஷம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸிங் பள்ளியிலிருந்து அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வராதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வாத்தியார் முடியாது என்றுவிட்டார். நர்ஸ் என்றால் நைட் டூட்டி பார்க்கணும், ஆம்பிளைக்கு ஊசி போடணும், அப்புறம் அவளை எவன் கட்டுவான் என்பது அவர் கணக்கு. இதே மனுஷன் முந்தின வருஷம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து படுத்திருந்தபோது ராத்திரியெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்ட நர்ஸைத் தேவதூதர் என்று சபையில் சாட்சி சொன்னவர். அந்தத் தேவதூதருக்கும் ஓர் அப்பா இருந்திருப்பார் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

ஈவா அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். பாஸ்டர் வந்து பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியாருக்கு அப்போது அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது ஜிப்.

பையன்களும் பெண்பிள்ளைகளும் போகிற எங்கள் சபை வாலிபர் முகாம் வருஷா வருஷம் மே கடைசியில் கொடைக்கானல் மலையில் நடக்கும். அருப்புக்கோட்டை வெயிலில் வெந்த பிள்ளைகள் அங்கே போய் முதல் ராத்திரியே விறைத்துப்போவார்கள். முந்தின வருஷம் பந்தல் கடையில் வாடகைக்கு எடுத்த கம்பளிகளில் முன்னால் படுத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரின் வாசனையெல்லாம் இருந்தது. இந்த வருஷம் உள்ளே புகுந்து படுக்கிற ஸ்லீப்பிங் பேக்கை நாமே தைத்துவிடலாம் என்று கமிட்டி முடிவுசெய்தது. துணிக்கு நம் ஊர் தறி இருக்கிறது, உள்ளே அடைக்க இலவம்பஞ்சு இருக்கிறது, ஜிப்புக்கு நான் இருக்கிறேன். எனக்கும் மே மாதம் வியாபாரம் மந்தம்தான்.

இதில் வினை எங்கே வந்தது என்றால், மார்ச்சில் ஒரு ஜெர்மன்காரப் புருஷனும் பெஞ்சாதியும் சபையைப் பார்க்க வந்திருந்தார்கள். முதுகில் மூட்டையோடு நாடு நாடாக நடக்கிறவர்கள். ஓய்வுநாள் பாடசாலை ஹாலில் தங்கள் ஸ்லீப்பிங் பேக்குகளை விரித்துக் காட்டினார்கள். அவர் பைக்கு ஜிப் வலது பக்கம், அந்தம்மா பைக்கு இடது பக்கம். இரண்டையும் முழுசாகத் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இதன் பல்லை அதன் பல்லோடு கோத்து ஒரே இழுப்பு. இரண்டு பையும் ஒரே பெரிய பை ஆகிவிட்டது. அந்தம்மா கள்ளமில்லாமல் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். பிள்ளைகளும் கைதட்டினார்கள். வாத்தியார் முகத்தில் ரத்தமே இல்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பட்ஜெட் பேசவில்லை, பஸ் பேசவில்லை, ஜிப்தான் பேசினோம். எல்லாப் பைக்கும் வலது பக்கமே ஜிப் வைத்துவிட்டால் ஒன்றோடொன்று சேராது என்றார் வாத்தியார். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ராபின் சார் எதையும் செய்துபார்க்கிற ஆள். பாஸ்டர் வீட்டுத் தலையணை உறை இரண்டை வாங்கி மேசையில் வைத்து, ஒன்றைக் குப்புறப் புரட்டி, அப்போதும் வாயும் வாயும் எதிரெதிரே வருகிறது பாருங்கள் என்று காட்டினார். குப்புறப் புரட்டலாம் என்கிற யோசனை வாலிபர்களுக்கும் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். ஜிப்பில் இரண்டு ஜாதி உண்டு, ஸ்வெட்டருக்குப் போடுகிற ஜிப் கீழே தனித்தனியாகப் பிரியும், பேண்டுக்குப் போடுகிற ஜிப் அடியில் மூடியிருக்கும், அதைப் பிரிக்கவே முடியாது, அந்த ஜாதியைப் போட்டால் எந்தப் பையும் எந்தப் பையோடும் சேராது என்றேன். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். எல்லாரும் எழுந்து துண்டை உதறிவிட்டார்கள். வாத்தியார் உட்காருங்கள் என்றார். பைகள் சேராது, சரி, ஒரே பைக்குள் இரண்டு பேர் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

இதை அவர் எங்கே படுத்து யோசித்தாரோ தெரியாது. அந்தக் கேள்விக்கு மூன்று வாரம் மண்டையை உடைத்து விடை கண்டுபிடித்தார். பை ஒடுக்கமாக, ஓர் ஆள் கையை ஒடுக்கிப் படுக்கிற அகலம்தான் இருக்கும். ஜிப் பக்கவாட்டில் இல்லை, நடு நெஞ்சில், தாடை வரைக்கும். தலைக்குத் தொப்பி, அதில் முகத்துக்கு மட்டும் ஓர் ஓட்டை. ஜிப்பை இழுக்கிற ரன்னர் பூட்டு ரன்னர். அதன் நாக்கைத் தூக்கி இழுத்தால்தான் நகரும், சும்மா தள்ளினால் அசையாது. அந்த நாக்கு வெளிப்பக்கம் மட்டும். அதாவது பிள்ளைகள் உள்ளே போய்ப் படுத்ததும் வார்டன் வரிசையாக வந்து ஜிப்பை இழுத்து மூடிவிடுவார். காலையில் அவரே வந்து திறந்துவிடுவார். வயிற்றைக் கலக்கினால் என்ன செய்ய என்று ராபின் சார் கேட்டதற்கு, ஆளுக்கொரு விசில் கொடுக்கப்படும் என்று பதில் வந்தது.

நான் ஒரே ஒரு தடவை, உள்பக்கமும் ஒரு பிடி வைத்துவிடலாமே, அந்த மாதிரி ரன்னரும் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"உள்ள இருக்கவனுக்கு எதுக்குய்யா பிடி? அவன் நன்மைக்குத்தான மூடுறோம்" என்றார் வாத்தியார்.

வீட்டிலும் அவர் இதே சட்டம்தான் வைத்திருந்தார் என்பதால் அவருக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. டெய்லர் சோணைமுத்து மாதிரிக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தான். வாத்தியாருக்கு அளவெடுத்தே தைத்தான், ஏனென்றால் முதல் பரிசோதனையைத் தானே செய்வேன் என்று அவர் அறிவித்திருந்தார். அதில் திருப்தியானால்தான் எனக்கு ஆர்டர்.

அந்தப் பரிசோதனைக்கு அவர் குறித்த நாள் ஈவாவின் நேர்காணல் சனிக்கிழமை. வேண்டுமென்று குறிக்கவில்லை. அவருக்கு அது மறந்தே போயிருந்தது. வேண்டாம் என்று சொல்லி முடித்த விஷயத்தை அவர் திரும்ப நினைப்பதில்லை.

ஆர்டர் விஷயம் தெரிந்துகொள்ள, காலை வெயில் ஏறின பிறகு நான் டவுன் பஸ் பிடித்துப் பாளையம்பட்டியில் இறங்கினேன். தெருமுனையிலேயே விசில் கேட்டது. விட்டு விட்டு, நீளமாக, கொஞ்சம் கோபமாக ஊதிக்கொண்டிருந்தது. தெருவில் ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. எதிர்வீட்டு அம்மா வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். வாத்தியார் வீட்டில் இன்னைக்கு ரொம்ப நேரமா ஜெபத்துக்குக் கூப்பிடுறாக என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

உள்ளே போனால், ஹாலில் தரையில் பை கிடக்கிறது. மேல் முனையில் வாத்தியாரின் முகம், வாயில் விசில். மே மாதம், இலவம்பஞ்சு, உள்ளே டிரில் மாஸ்டர். முகம் வேர்த்து வழிந்து செக்கச் செவேலென்று இருந்தது. தலைமாட்டில் மேசை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்பராணி பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு தம்ளர் மோரும் கரண்டியும் கையில் வைத்திருந்தாள். அவர் வாயிலிருந்து விசிலை எடுத்து ஒரு வாய் மோர் கொடுப்பாள், குடித்ததும் அவர் ஏதாவது கத்தப் போவார், அதற்குள் விசில் திரும்ப உள்ளே போய்விடும். அவர் கை இரண்டும் உடம்போடு ஒட்டி உள்ளே கிடந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் விசிலைத் துப்பிவிட்டு, "ஏலே இன்பராஜு, இந்த ஜிப்பைத் தெற" என்றார்.

இன்பராணி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, காப்பி குடிக்கிறீகளா?" என்று கேட்டாள்.

நான் குடிக்கிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக வாத்தியார் சாகும்வரை என்னை மன்னிக்கவில்லை. எனக்கும் வருத்தமில்லை.

நடந்தது இதுதான். வாத்தியார் உள்ளே படுத்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, மூடு என்று சைகை காட்டியிருக்கிறார். இன்பராணி மூடியிருக்கிறாள். அவர் புரண்டு, உதைத்து, நெளிந்து, முட்டிபோட முயன்று, கடைசியில் எந்தப் பையனாலும் வெளியே வரமுடியாது என்று பெருமையோடு சொல்லிவிட்டு, திற என்றிருக்கிறார். இன்பராணி திறக்கவில்லை. ஜிப் சிக்கிக்கொண்டது என்று அப்புறம் ஊரில் யாரோ கதை கட்டினார்கள். என் கடை ஜிப் சிக்காது. அவர் சொன்னபடி, அவர் கேட்டபடி, அணுவும் பிசகாமல் வேலை செய்தது.

காப்பி வருவதற்குள் அறையிலிருந்து ஈவா வந்தாள். சேலை கட்டி, தலையில் கொஞ்சம் கனகாம்பரம் வைத்து, கையில் ஒரு சூட்கேஸ். பின்னால் ஷெரின், அக்காளைப் பஸ் ஏற்றிவிட. மதுரை பஸ் ஸ்டாண்டில் இன்பராணியின் தம்பி வந்து நிற்பதாக ஏற்பாடு. ஈவாவுக்கு அப்பாவைப் பார்க்கவே பயம். வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தாள். இன்பராணி அவளை நில் என்றாள்.

"ஜெபம் பண்ணாமப் பிள்ளையை வழி அனுப்புற வழக்கம் இந்த வீட்டுல கிடையாது. என்னங்க, ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

ஈவா சூட்கேஸைக் கீழே வைத்துப் பையின் பக்கத்தில் முழங்கால் போட்டாள். ஷெரினும் போட்டாள். நானும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். வாத்தியார் எங்கள் எல்லாரையும் ஒரு முறை முறைத்தார். ஆனால் தலைகள் குனிந்து கண்கள் மூடியாகிவிட்டன. குனிந்த தலைகளைக் கண்டால் ஜெபம் பண்ணாமல் இருக்க அவரால் முடியாது, அது அவருக்கு வியாதி மாதிரி. கீழ்ப்படியாத இந்தப் பிள்ளையைத் திருத்தும் ஆண்டவரே என்றுதான் கோபமாக ஆரம்பித்தார். ஆனால் இத்தனை வருஷமாகப் பயணம் போகிற எல்லாருக்கும் பண்ணின ஜெபம் நாக்கில் ஊறிப்போயிருந்தது. இரண்டாவது வாக்கியத்திலேயே அது தானாகத் தடம் பிடித்துவிட்டது. ஏறுகிற வண்டியைக் காத்தருளும், ஓட்டுகிறவருக்கு விழிப்பைத் தாரும், போகிற காரியத்தை வாய்க்கப்பண்ணும், காண்கிற கண்களிலெல்லாம் தயவு கிடைக்கச் செய்யும் என்று ஓடிப்போய், குரலும் தழுதழுத்து, ஆமென் என்று முடிந்தது. நாங்கள் எல்லாரும் ஆமென் என்றோம். ஆமென் சொன்ன பிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"போயிட்டு வாரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஈவா எழுந்து வேகமாகப் போனாள். அழுதாள் என்று நினைக்கிறேன். இன்பராணி காப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கண் கலங்கினதற்குக் காப்பி சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் விசிலைத் திரும்ப வாயில் வைக்க, வாத்தியார் ஒரு ஊது ஊதினார் பாருங்கள், கொடைக்கானல் வரைக்கும் கேட்டிருக்கும். பாளையம்பட்டியில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு மிரட்டினார், பிறகு கெஞ்சினார். இப்போது திறந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவீர்கள், பஸ் பாதி வழியில் காரியாபட்டியைத் தாண்டட்டும் என்று இன்பராணி மோர்க் கரண்டியை நீட்டினாள். ஷெரின் திரும்பி வந்து, பஸ் கிளம்பியதைச் சொன்ன பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் இன்பராணி ஜிப்பில் கை வைத்தாள்.

வாத்தியார் வெளியே வந்தார். பனியனைப் பிழிந்தால் ஒரு குடம் நிரம்பும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். அடிப்பாரோ என்று நான் தம்ளரைக் கீழே வைத்துத் தயாரானேன். அவர் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் போய் அவளை மயிரைப் பிடித்து இழுத்துவருவேன் என்றார்.

"போங்க. போயி கூட்டிட்டு வாங்க" என்றாள் இன்பராணி. "ஊரு கேக்கும், எப்பிடிப் போனான்னு. நீங்க ஜெபம் பண்ணி அனுப்புனீகன்னு சொல்லவா, இல்ல பைக்குள்ள கெடந்தீகன்னு சொல்லவா? ரெண்டுக்கும் அண்ணாச்சி சாட்சி."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. வாத்தியாரும் கேட்டிருக்க மாட்டார். சட்டைப் பட்டனைப் போட்ட கை பாதியில் நின்றுவிட்டது. அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டர், ஈவா எங்கே காணோம் என்று கேட்டார். வாத்தியார் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், அப்புறம் இன்பராணியைப் பார்த்தார். "நான்தான் மதுரைக்கு அனுப்பியிருக்கேன், நர்ஸிங்குக்கு. ஜெபம் பண்ணி அனுப்பினேன்" என்றார். பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கல் அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த கமிட்டியில் அவர் ஸ்லீப்பிங் பேக்கில் சில மாற்றங்கள் என்றார். ஜிப் பக்கவாட்டில் இருக்கட்டும், ரன்னருக்கு உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி, பை கொஞ்சம் அகலமாக இருக்கலாம். காரணம் காற்றோட்டம் என்றார். நான் ஆர்டரை எழுதிக்கொண்டேன். முகாம் நல்லபடியாக நடந்தது. எந்தப் பையும் எந்தப் பையோடும் சேரவில்லை. சேர வேண்டியவர்கள் பட்டப்பகலில் பாடகர் குழு பயிற்சியில் சேர்ந்துகொண்டார்கள். அந்த முகாமில் முளைத்த கல்யாணங்கள் இரண்டில் நானே சாப்பிட்டிருக்கிறேன்.

ஈவா படித்து முடித்து மதுரையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். வாத்தியாரின் கதை அவளோடு சேர்ந்து வளர்ந்தது. முதலில் ஜெபம் பண்ணி அனுப்பினேன் என்றிருந்தது. அப்புறம் சொந்தக்காரர்கள் தடுத்தார்கள் என்று சேர்ந்தது. தொண்ணூற்று நாலில் பெண்கள் ஞாயிறு அன்று அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். பிரசங்க மேடையில் ஏறி, ஊரே எதிர்த்து நின்றபோது நான் ஒருவனாக நின்று என் மகளைப் படிக்க அனுப்பினேன், பெண்ணைப் பூட்டிவைக்கிற தகப்பனுக்கு ஐயோ என்று முழங்கினார். பெண்கள் பக்கம் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னை அடக்கினேன்.

முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் இன்பராணியைப் பிடித்தேன். எனக்கு நிஜமாகவே கோபம். செய்தது எல்லாம் நீ, மாலை அவருக்கா, ஒரு நாளாவது சபையில் எழுந்து உண்மையைச் சொல்லக்கூடாதா, நான் சாட்சிக்கு நிற்கிறேன் என்று படபடத்தேன். அவள் சபைக் கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே வாத்தியாரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"சொல்லட்டும் அண்ணாச்சி, நல்லாச் சொல்லட்டும்" என்றாள். "ஷெரினுக்கு மெட்ராஸ்ல இஞ்சினியரிங்கு கிடைச்சிருக்கு. அவுகளுக்கு இன்னும் தெரியாது. இவ்வளவு பேசிட்டு இனி எப்பிடி மாட்டேன்னு சொல்லுவாக?"